உட்கார்ந்திருக்கும் பருந்து

கடந்த சில வருஷங்களில் என் கைக்கு வந்த கவிதைத் தொகுதிகளில் பருந்து இல்லாதவை குறைவு. வல்லூறு, கழுகு, ராஜாளி என்று பெயர் மாறி வந்தாலும் பறவை ஒன்றுதான். அது ஆகாயத்தில் வட்டமிடும். இல்லாவிட்டால் செங்குத்தாக இறங்கும். நகங்களில் ரத்தம் இருக்கும். அதிகாரம், காலம், மரணம், சில சமயங்களில் கவிஞன் தானே - எதற்குப் பதிலாக அது வருகிறது என்பதுதான் கவிதைக்குக் கவிதை மாறும். இவை எதிலும் அது உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நான் விமர்சகன் அல்ல. 1986லிருந்து வையம்பட்டிப் பக்கத்து முட்காடுகளில் இந்த ஜாதிப் பறவைகளைப் படம் எடுக்கப் போய்வருகிறவன் என்ற அளவில் ஒரு தகவலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேட்டைப் பறவை பகலின் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழிக்கிறது. மாமிசம் செறிந்த உணவு. ஒரு நல்ல இரை கிடைத்துவிட்டால் அன்றைக்கு அதற்குமேல் அலைய வேண்டியதில்லை. பறப்பதற்குச் செலவு அதிகம், பாய்ச்சல்களில் பாதிக்குமேல் வீணாகிறது. ஆகவே அது உட்காருகிறது. பட்ட கிளையில், பாறை விளிம்பில், தந்திக் கம்பத்தில். சிறகைக் கோதுகிறது. ஒரு காலைத் தூக்கி வயிற்று மயிருக்குள் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறது. எதையோ பார்க்கிறது. நாம் எடுக்கப் போன படம் வேறு. அங்கே இருப்பது இது.

பாலைத்திணை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. குறுந்தொகையின் 207ஆம் பாட்டில் பருந்து ஓமை மரத்தின் கவட்டில் தனியாக உட்கார்ந்து குரல் கொடுக்கிறது; சுரம் கடப்பவர்களுக்கு அந்தக் குரல்தான் துணை. அதே தொகையில் 151ஆம் பாட்டில் தாக்க வருவது பருந்து இல்லை, எழால். பிணம் தின்னும் பாறும் எருவையும் இவற்றிலிருந்து வேறு. சங்கப் பாட்டுகளின் பறவைகளை இனம் காண்பதற்கென்றே பி. எல். சாமி ஒரு புத்தகம் எழுத முடிந்ததற்குக் காரணம், அந்தப் புலவர்கள் எந்தப் பறவை, எந்த மரத்தில், என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்த்துச் சொன்னதுதான். நமக்கு இன்று எல்லாமே கழுகு. வையம்பட்டியிலும் எல்லாமே 'பெராந்து'தான். ஆனால் அவர்கள் கவிதை எழுதுவதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

ஊரைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் ரயில் பாதையில் மணப்பாறைக்கு அப்பால் வையம்பட்டி. 1980களில் அது மீட்டர்கேஜ். ஸ்ரீரங்கத்திலிருந்து இருட்டோடு கிளம்பி ஜங்ஷனில் பாசஞ்சரைப் பிடித்தால் வெயில் ஏறுவதற்குள் போய் இறங்கிவிடலாம். காவிரிக்கரை ஆசாமிக்கு அந்த நிலம் முதலில் ஒரு தண்டனை மாதிரி இருக்கும். செம்மண், பாறைத் திட்டுகள், வெள்வேல், உசில், கிளுவை வேலிகள், மழை பெய்தால் சோளமும் கடலையும். மேற்கே பொன்னணியாறு அணையையும் செம்மலையையும் தாண்டினால் கடவூர் மலைகள். 2022ல் கடவூர் வனப்பகுதியைத் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. எல்லைக்கு வெளியே நின்றுபோன சின்னச் சின்னக் குன்றுகள் நிறைய உண்டு. நான் சொல்லப்போவது அப்படிப்பட்ட ஒரு குன்றின் அடிவாரம்.

பறவை, பாம்புக் கழுகு. குட்டை விரல்கள், ஆந்தையைப் போல முன்பக்கம் பார்க்கும் மஞ்சள் கண்கள், வெளுத்த அடிவயிறு. நல்ல காற்றில் சிறகை லேசாக அசைத்தபடி நின்ற இடத்திலேயே நின்று தரையைத் துழாவும். வருஷத்துக்கு ஒரு முட்டைதான் இடும். அடைகாப்பதற்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம். குஞ்சு கூட்டை விட்டு எழும்ப அதற்குமேல் இரண்டு மாதத்துக்கும் கூடுதலாக. காக்கைக்கோ குயிலுக்கோ இருக்கிற நிறைய முட்டைகள் என்ற சௌகரியம் அதற்குக் கிடையாது. ஒன்று போனால் அந்த வருஷம் போயிற்று. 1987 ஜனவரியில் ஒரு வெள்வேலின் உச்சியில் அந்தக் கூட்டைப் பார்த்தேன். சுள்ளிகளால் கட்டி உள்ளே பச்சை இலை பரப்பியிருந்தது. உடம்பின் பருமனுக்குச் சின்னக் கூடு.

கணக்கு ஒன்று போட வேண்டும்; படம் எடுக்கிறவனின் பொறுமை எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. அப்போது என்னிடம் இருந்தது ரஷ்யாக்காரர்களின் ஸெனித், 300 மில்லிமீட்டர் லென்ஸோடு. பறவை சுமார் 65 சென்டிமீட்டர். 30 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் பிலிமில் அதன் உயரம் ஆறரை மில்லிமீட்டர். பிலிமின் உயரம் 24 மில்லிமீட்டர். 60 மீட்டரிலிருந்து எடுத்தால் ஒரு உளுந்து. 300 மீட்டரிலிருந்து, நான் ஜனவரியில் நின்ற இடத்திலிருந்து, எடுத்தால் தூசி. ஆகவே கிட்டே போக வேண்டும். அடைகாக்கும்போது கிட்டே போனால் கூட்டை விட்டே போய்விடலாம். ஆகவே முட்டை பொரிகிறவரை போகக் கூடாது. ஜனவரி, பிப்ரவரி முழுக்க நான் செய்தது, எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு பாறையில் உட்கார்ந்து, பைனாகுலர் வழியாக ஒரு தலையைப் பார்த்ததுதான். உடம்பு கூட்டுக்குள். வெளியே தெரிந்தது தலை மட்டும்.

அந்த ஸெனித்துக்குத் துப்பாக்கிக் கட்டை மாதிரி ஒரு பிடி உண்டு; விசையை இழுத்தால் ஷட்டர் விழும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவனை யாரும் போட்டோக்காரன் என்று நினைக்க மாட்டார்கள். "கொக்குக்கா, மொசலுக்கா?" என்று கேட்டார் ஆடு மேய்க்கிற பெரியவர். படம் எடுக்க என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை, நம்பவும் இல்லை. மூன்றாவது வாரம், நான் எதையும் சுடவில்லை என்று உறுதியான பிறகு, பக்கத்தில் வந்து உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

மறைவிடம் கட்டியது மார்ச் மாதம், குஞ்சு பொரித்ததற்கு அடையாளமாக ஆண் பறவை இரையோடு அடிக்கடி வர ஆரம்பித்த பிறகு. கோணிச்சாக்கும் பனையோலைத் தட்டியும். முதலில் 60 மீட்டரில் நட்டு, இரண்டு நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி 30 மீட்டருக்குக் கொண்டுவந்தோம். 'தோம்' என்பது பெரியவரையும் சேர்த்து. மறைவிடத்துக்கு இரண்டு பேர் போக வேண்டும், ஒருவர் திரும்ப வேண்டும். வந்தவர்கள் போய்விட்டார்கள் என்று பறவை எடுத்துக்கொள்ளும். பறவைக்கு எண்ணத் தெரியாது என்பது இந்தத் தொழிலில் பழைய நம்பிக்கை. பெரியவர்தான் திரும்பிப்போகிறவர்.

இந்தச் சாக்குக் கூண்டு எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1900 வாக்கில் ஒரு காளையின் தோலை உரித்து, உள்ளே குடைவாக வைத்துத் தைத்து, அதன் வயிற்றுக்குள் நின்று பறவைகளைப் படம் எடுத்தார்கள். இதைப் பெரியவரிடம் சொன்னேன். மணப்பாறைச் சந்தைக்கு மாடு ஓட்டிப் பழகியவர். நிறைய நேரம் சிரித்தார். பிறகு, "அந்தக் காளைக்கு எத்தன பல்லு சார்?" என்றார்.

சிரிக்க முடியாத கதையும் உண்டு. எரிக் ஹாஸ்கிங் என்ற ஆங்கிலேயர் 1937ல் வேல்ஸில் ஓர் ஆந்தைக் கூட்டருகே இருட்டில் மறைவிடத்துக்கு ஏறும்போது தாய்ப்பறவை சத்தமில்லாமல் வந்து முகத்தில் அடித்தது. இடது கண் போயிற்று. ஒற்றைக் கண்ணோடு அவர் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பறவைகளைப் படம் எடுத்தார். காமிராவுக்கு ஒரு கண் போதும் என்று சிலர் இதை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கூடு என்ற இடத்தில் யார் அந்நியர் என்பதை அந்த ஆந்தை சரியாகவே புரிந்துகொண்டிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1987 மார்ச் 25, ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம். 13 நிலை, 236 அடி. பல நூற்றாண்டு மொட்டையாக நின்ற கோபுரம். அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டு வையம்பட்டி போனேன். ஊரே ஸ்ரீரங்கத்தை நோக்கி வந்துகொண்டிருக்க, எதிர்த்திசையில் போன பாசஞ்சரில் என் பெட்டியில் நாலு பேர். பறவை அன்று காலை ஏழு மணியிலிருந்து என்ன செய்தது என்பதை நோட்டில் எழுதியிருக்கிறேன்: நின்றது. எனக்குப் பின்னாலிருந்து வெயில் அடித்தது. வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, சிறகுகளைப் பாதி விரித்து, தன் நிழலைக் குஞ்சின் மேல் போட்டுக்கொண்டு அது நின்றது. சூரியன் நகர நகர அதுவும் அரை அடி, கால் அடி என்று திரும்பியது. பதினொன்றரைக்கு உச்சி வெயில். அலகைத் திறந்து மூச்சிரைத்தது. இடத்தை விடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அத்தை திண்ணையில் காத்திருந்தாள். "கருடன் வந்துதுடா. கலசத்துக்கு மேலே மூணு சுத்து. ஆகாசத்தையே பாத்துண்டிருந்த அத்தனை ஜனமும் கையெடுத்துடுத்து. நீ என்னத்தடா பாத்தே அந்தக் காட்டுல?"

"முதுகை" என்றேன்.

அத்தையைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே செம்பருந்துக்குக் குறைவு கிடையாது. நிலம் சுட ஆரம்பித்து உஷ்ணக் காற்று மேலெழும் நேரத்தில் அது சிறகை அசைக்காமல் ஏறி வட்டமிடும். முகூர்த்த நேரங்களும் பெரும்பாலும் அதுவே. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு பறவைக்காகக் கழுத்து வலிக்க மேலே பார்ப்பது வேறு எங்கே நடக்கிறது? அந்தக் காத்திருத்தலில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொண்டு வந்தவர்கள். பறவை அதை ஊர்ஜிதம் செய்துவிட்டுப் போனது. நானும் ஜனவரியில் அப்படித்தான் போனேன். விரித்த நகம், வாயில் பாம்பு, பின்னால் மேகம் என்று ஒரு படம் மனசில் தயாராக இருந்தது. வாரக்கணக்கில் முதுகைக் காட்டி அந்தப் படத்தை என்னிடமிருந்து பறவை வாங்கிக்கொண்டது. பொறுமை என்று இதைத்தான் சொல்கிறேன். விரும்பியது வரும்வரை தாங்குகிற பொறுமை எனக்கும் ஆரம்பத்தில் இருந்தது. அது ரேஷன் கடை வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் இருப்பதுதான்.

ஏப்ரல் முதல் வாரம் ஒருநாள் பெரியவர் சாக்கை விலக்கிக் குனிந்து கேட்டார்: "சும்மாவேதான் நிக்குது. ஒரு கல்லு விட்டு எழுப்பட்டுமா சார்? பறக்கயில எடுத்துக்குவீங்க."

அவர் சொன்னது எனக்காக இரக்கப்பட்டு. கையில் கல்லும் இருந்தது. வேண்டாம் என்றேன். குஞ்சுக்கு அப்போது மூன்று வாரம்தான் இருக்கும். மேலே பஞ்சு மாதிரி வெள்ளை ரோமம். அந்த வெயிலில் தாய் எழுந்து அரை மணி வராவிட்டால் குஞ்சு கருகிவிடும். அதற்கு முன்னால் அண்டங்காக்கை பார்த்துவிட்டால் அதுவும் வேண்டாம். ஒரு வருஷத்துக்கு ஒரு குஞ்சு. "செத்துரும்" என்று மட்டும் சொன்னேன். அவர் கல்லைக் கீழே போடவில்லை, மெதுவாக வைத்தார். பிறகு, "ஆட்டுக்காரன் பொழப்பும் இதான். அது உக்காந்திருக்கும், நாம உக்காந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப்போகிறவராகத் திரும்பிப் போனார்.

எழுப்பி எடுத்த படத்தைப் பல சமயம் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பறவை காமிராவை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கும். கழுத்து மட்டும் பின்னால் திரும்பியிருக்கும். இப்போது காமிராக்கள் நொடிக்கு 20 படம் எடுக்கின்றன. பறவையின் கண்ணை அவையே தேடிக் குவியம் பிடித்துக்கொள்கின்றன. இதில் தப்பு ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்று இருக்கிறது. ஆனால் 20ல் 19ஐ அழித்துவிடலாம் என்று தெரிந்த கை, கல்லை எடுக்கவும் சுலபமாகத் துணிகிறது. பல போட்டிகள் இன்று கூட்டருகே எடுத்த படங்களை ஏற்றுக்கொள்வதே இல்லை. சரியான முடிவு. அந்த விதி 1987ல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இருக்காது. அதனாலும் விதி தவறாகிவிடாது.

மனசில் இருந்த பழைய படமும் ஒருநாள் கிடைத்தது. ஏப்ரல் மூன்றாவது வாரம், ஆண் பறவை வந்து கூட்டு விளிம்பில் இறங்கியது. அலகுக்கு வெளியே ஒரு முழ நீளத்துக்கு சாரைப்பாம்பின் வால். மீதி முழுக்க உள்ளே. குஞ்சு அந்த வாலைப் பற்றி இழுக்க ஆரம்பித்தது. கிணற்றுக் கயிற்றை வாங்குகிற மாதிரி விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, அப்பன் தொண்டையிலிருந்து முழுப் பாம்பையும் உருவி எடுத்தது. தகப்பன் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு கழுத்தை நீட்டிக் கொடுத்தது. ஸெனித்தின் ஷட்டர் பெட்டி மூடுகிற சத்தம் போடும். முதல் சத்தத்துக்கே இரண்டும் சாக்கைப் பார்த்தன. கொஞ்சம் விட்டு, இழுக்கும் மும்முரத்தில் மேலும் நாலு. மொத்தம் ஐந்து படம். இரண்டு தேறின. அவற்றைப் பார்த்தவர்கள் எல்லோரும் "ஆஹா" என்றார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஆர்வோ கறுப்பு வெள்ளைச் சுருளில், ஐந்நூறில் ஒரு வினாடி, எட்டாம் துவாரம். முதுகு காட்டி நிற்கும் தாய். பாதி விரித்த சிறகு. குஞ்சு இருக்கிற இடம் நிழல், குஞ்சு தெரியவில்லை. கீழே வெள்வேலின் முள், பின்னால் மங்கலாக, ஆனால் குன்று என்று தெரிகிற அளவுக்கு, அந்தக் குன்று. கவிஞர் நண்பர் ஒருவர் இதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதில் என்ன நடக்கிறது?" என்றார். பாம்புப் படத்துக்கு அவர் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அந்தப் படத்தைத் தூக்கிப் போடாமல் இருக்க எனக்குத் தைரியம் தந்தது மா. கிருஷ்ணன். அ. மாதவையாவின் மகன் என்றால் இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்குச் சட்டென்று தெரியும்; 'பத்மாவதி சரித்திர'த்தை எழுதியவர் வீட்டில் 1912ல் பிறந்த பையன். 1950லிருந்து 1996ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். தமிழிலும் எழுதினார். பாகங்களைத் தானே ஒட்டவைத்து ஒரு காமிரா செய்து, அதற்கு சூப்பர் பாண்டெரோஸா என்று பெயர் வைத்தார். கறுப்பு வெள்ளையை விடவில்லை. அவர் யானைப் படங்களில் காடு இருக்கும். மிருகத்தை அதன் இடத்திலிருந்து பெயர்த்து எடுத்துத் தட்டில் வைத்து நீட்டுவதில் அவருக்குச் சம்மதம் இல்லை என்பது படங்களைப் பார்த்தாலே தெரிகிறது. கூண்டு மிருகத்துக்கும் காட்டு மிருகத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, அதைச் சுற்றி இருப்பது.

இன்று வசதியுள்ளவர்கள் வைத்திருக்கும் 600 மில்லிமீட்டர் லென்ஸைத் துவாரம் முழுக்கத் திறந்து எடுத்தால் பின்னணி பச்சையோ பழுப்போ ஆன ஒரு திரைச்சீலையாகிவிடும். குன்று கரைந்துவிடும், மரமே பாதி கரையும். ஒவ்வொரு இறகும் எண்ணலாம் போலத் தெரியும். சிவகாசிக் காலண்டரில் சாமிக்குப் பின்னால் இருக்கும் அதே ஒளி. அந்தப் பறவை வையம்பட்டியிலும் இருக்கலாம், ஸ்பெயினிலும் இருக்கலாம். ஆரம்பத்தில் சொன்ன கவிதைகளில் வரும் கழுகும் இந்த லென்ஸால் எடுத்ததுதான்.

சுற்றி இருப்பது போனால் என்ன ஆகும் என்பதற்குத் திருக்கழுக்குன்றம் இருக்கிறது. காத்திருக்கவே அவசியமில்லாமல் உச்சி வேளைக்கு இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் வந்து பண்டாரத்தின் கையிலிருந்து உணவு வாங்கிப்போகும் என்று தலைமுறைகளாக ஜனங்கள் போய்ப் பார்த்தார்கள். 1990களில் வரவு நின்றுபோயிற்று. அதே காலத்தில் இந்தியா முழுக்கப் பாறுகள் செத்துக்கொண்டிருந்தன. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் மருந்து செத்த மாட்டின் வழியாக அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 2004ல் கண்டுபிடித்தார்கள், 2006ல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். பழைய படங்களில் அந்த இரண்டு பறவைகளும் தட்டின் முன்னால் இருக்கின்றன. அவை எந்த மரத்தில் தங்கின, எங்கிருந்து வந்தன என்று ஒரு படமும் நான் பார்த்ததில்லை. தினமும் வருகிறதை யார் காத்திருந்து பார்ப்பார்கள்?

1987 மே கடைசியில் எங்கள் குஞ்சு எழும்பியது. எழும்பிய அன்று நான் இல்லை. மறுவாரம் போனபோது கூடு காலி. பெரியவர் மட்டும், "வியாழக்கிழம போயிருச்சு, தெக்கால" என்றார். அவருக்கு முதுகுப் படத்தில் ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன். அதை எட்டி வைத்து, கிட்ட வைத்துப் பார்த்தார். பறவை பற்றிப் பேசவில்லை. "இது நம்ம வெள்வேலு. இந்தா இந்தப் பொடவுலதான் செவலக் குட்டி வுளுந்து கெடந்தது" என்று குன்றின் மேல் விரலை வைத்தார்.

அந்தக் குன்றில் பிற்பாடு கல் உடைக்க ஆரம்பித்தார்கள். வெள்வேலும் இல்லை. இப்போது ரயிலிலிருந்து பார்த்தால் வடக்குப் பக்கம் வெட்டிவைத்த கேக் மாதிரி நிற்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் பெரியவரின் பேரன் வீட்டைத் தேடிக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்தான். தாத்தா இறந்துவிட்டதாகவும், சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கரையான் அரித்துவிட்டதாகவும் சொன்னான். குன்று முன்பு எப்படி இருந்தது என்பதற்கு மனுவோடு வைக்க ஊரில் யாரிடமும் வேறு போட்டோ இல்லையாம். "பெராந்த வெட்டிட்டு மலைய மட்டும் பெருசு பண்ணித் தர முடியுமா ஐயா?" என்று கேட்டான்.

நெகட்டிவைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்து பார்த்தேன். குன்று மங்கல், மணல் மணலாக இருந்தது. ஆனால் உச்சிக் கோடும் அந்தப் பொடவும் தெரிந்தன. இடது சிறகின் நுனி மட்டும் வடக்குச் சரிவின் மேல் விழுந்திருந்தது. அதை வெட்டினால் சரிவும் போய்விடும். அப்படியே விட்டு மூன்று பிரதி போட்டுக் கொடுத்தேன்.